கார் ஓட்டம் விறுவிறுப்பா, சலிப்பா: எதை வைத்துச் சொல்வது?

26 மே 2025, காலை

விசுவமடுவில் இருந்து வந்த கேள்வி: “அண்ணை, நேற்று ஃபோர்முலா வன் கார் ஓட்டத்தில் மொனாக்கோ பார்த்தேன். ஒரே சலிப்பு. முன்னுக்கு நின்றவர்கள் முன்னுக்கே வந்தார்கள். என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஓட்டத்தில் எத்தனை தரம் முந்துகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஐம்பதுக்கு மேல் என்றால் நல்ல ஓட்டம். பத்துக்குக் கீழே என்றால் பார்க்கவே தேவையில்லை. இதைவிட நேர்மையான அளவு ஏதும் இருக்கா?”

26 மே, இரவு 9.40

தம்பி, நேற்றைய மொனாக்கோ சலிப்புத்தான், அதில் மறுபேச்சில்லை. நொறிஸ், லெக்லேர், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன். புறப்பட்ட ஒழுங்கிலேயே நாலு பேரும் வந்து சேர்ந்தார்கள். போன வருடம் முதல் பத்துப் பேரும் நின்ற வரிசை குலையாமல் முடித்தார்கள். அதைச் சரிக்கட்டத்தான் இந்த முறை எல்லோரும் இரண்டு தரம் பிட்டுக்குள், அதாவது பாதையோரத்தில் அணிகள் நிற்கும் இடத்துக்குள், வந்து ரயர் மாற்ற வேண்டும் என்று கட்டாயம் வைத்தார்கள். நடந்தது என்ன? சில அணிகள் தங்கள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை மறித்தன. அந்த இடைவெளியில் மற்றக் கார் ரயர் மாற்றிக்கொண்டு வந்தது. ஓட்டப்போட்டி என்று பெயர் வைத்துவிட்டு ஆளை மெதுவாகப் போகச் சொல்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

ஆனாலும் முந்தலை எண்ணும் கணக்கை நான் எடுக்க மாட்டேன். அதே மொனாக்கோவில் 1992இல் நடந்ததைப் பார். அந்த வருடம் முதல் ஐந்து ஓட்டங்களையும் வென்றுகொண்டு வந்தவர் நைஜல் மான்செல். ஆறாவது மொனாக்கோ. தொடக்கத்தில் இருந்தே அவர்தான் முன்னுக்கு. 78 சுற்றில் 70 சுற்று ஓடி முடிந்தும் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சில்லு சரியில்லை என்று அவருக்குப் பட்டது. உள்ளே வந்தார், மாற்றினார், வெளியே வந்தார். அதற்குள் அயர்டன் சென்னா முன்னால் போய்விட்டார். புது ரயரில் மான்செல் பறந்து வந்து பிடித்துவிட்டார். அதன் பிறகு கடைசிச் சுற்றுகள் முழுக்க அவர் சென்னாவின் பின்பக்கத்தில் இடமும் வலமுமாக மூக்கை நீட்டுகிறார். சென்னாவிடம் இருந்தது வேகம் குறைந்த கார், தேய்ந்த ரயர். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் எந்த இடத்தில் காரை வைத்தால் மற்றவருக்குப் பாதை இல்லை என்று அவருக்குத் தெரியும். முடிவில் இடைவெளி கால் வினாடிக்கும் குறைவு. வென்றது சென்னா.

அந்தக் கடைசிச் சுற்றுகளில் உன் கணக்கு என்ன சொல்லும்? பூச்சியம். நான் அந்தப் பதிவை எத்தனை தரம் போட்டாலும் கதிரையின் நுனிக்கு வந்துவிடுகிறேன்.

26 மே, இரவு 10.15

இன்னொன்று. மொனாக்கோவில் முந்த முடியாததற்கு ஓட்டுநர்களைக் குற்றம் சொல்லாதே. சுற்றின் நீளம் 3.337 கிலோமீட்டர், ஊருக்குள் இருக்கும் தெரு. இந்த 2025 கார் ஒன்று இரண்டு மீட்டர் அகலம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே தெரு நிரம்பிவிடும்.

27 மே

உன் கணக்குக்கு மறுபக்கத்தில் இருந்தும் ஒரு ஓட்டம் சொல்கிறேன். 1971, இத்தாலியின் மொன்சா. அப்போது அங்கே வேகத்தைக் குறைக்கும் குறுக்கு வளைவுகள் இல்லை. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொடுக்க, பின்னால் வருவது அந்த வெற்றிடத்தில் இழுபட்டு வந்து முந்தும். பிறகு முந்தப்பட்டது திரும்ப முந்தும். ஓட்டம் முழுக்க இதுதான். முடிவில் பீட்டர் கெதின் ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில் வென்றார். முதல் ஐந்து கார்களும் 0.61 வினாடிக்குள் கோட்டைத் தாண்டின. எண்ணிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நடுவில் நடந்த முந்தல்களை யோசித்துப் பார். பத்தாவது சுற்றில் ஒருவர் முன்னுக்கு வருகிறார் என்றால் அதற்குப் பெறுமதி என்ன? அடுத்த நேர்ப்பாதையில் அது போய்விடும், அவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். கடைசி வளைவில் யார் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான் முக்கியம். அந்தக் கடைசி நிமிடங்கள் அற்புதம். அதற்கு முந்தியவை வெறும் இடமாற்றம்.

நீ விசுவமடுக்காரன், சவாரி பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டாய். இரண்டு வண்டில், இரண்டு சோடி மாடு, நேரான திடல். கண் மூடித் திறக்க ஓட்டம் முடிந்துவிடும். முந்தல் என்று நடந்தால் ஒரு தரம், பல நேரம் அதுவும் இல்லை. பிறகு ஏன் சனம் அந்த வெயிலில் மணிக்கணக்காக நிற்கிறது? இரண்டு சோடியும் நுகத்துக்கு நுகம் நேராக வரும்போது திடலின் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். அந்த நேரத்தில் பழைய ஆட்கள் வண்டிலைப் பார்ப்பதில்லை, மாட்டின் தலையைத்தான் பார்ப்பார்கள். ஒரு மாடு கழுத்தைச் சற்று வெளியே திருப்பினால், அந்தச் சோடி இனி ஒன்றாக இழுக்காது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வண்டில் பின்தங்குவதற்கு முன்னரே வாயில் இருந்து “போச்சு” என்று வந்துவிடும். நாணயக் கயிற்றைப் பிடித்திருப்பவர் அந்தத் தலையைத் திருப்பி எடுக்கிறாரா என்பதுதான் அவர்கள் பார்க்கும் ஓட்டம்.

கார் ஓட்டத்திலும் நான் தேடுவது இதைத்தான். முந்தல் நடந்தால் சந்தோசம். நடக்குமா, நடக்காதா என்று தெரியாத நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது என்பதுதான் அளவு.

29 மே

“அப்படியென்றால் விபத்து நடந்தால் இன்னும் விறுவிறுப்புத்தானே, அதுவும் தெரியாத விசயம்தானே” என்று கேட்டிருக்கிறாய். இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் போனது. ஏழு பேர் செத்துப்போனார்கள், ஒரு சிறுபிள்ளையும் அதில். அந்தக் காணொளி அன்று பின்னேரமே எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிட்டது. எனக்கு வந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு “என்ன ஒரு காட்சி” என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஓட்டம் பார்க்கப் போன குடும்பங்கள் அவை.

ஏ9இல் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து உள்ளே இருக்கும் பெடியங்கள் சிலர் கைதட்டுவார்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஒருமுறை எதிரே லொறி வர, எங்கள் பஸ் விலகாமல் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். யார் என்றே தெரியாது அவருக்கும் எனக்கும். அதில் விறுவிறுப்பு எதுவும் இல்லை, பயம் மட்டும்தான். ஆகவே என் கணக்கில் மோதல்களுக்குப் புள்ளி கிடையாது. மோதல் வரக்கூடிய இடத்தில் இரண்டு பேர் மோதாமல் போனால் அதற்கு இரட்டைப் புள்ளி.

2 ஜூன்

ஸ்பெயின் பார்த்தேன். பியாஸ்ட்ரி வென்றார். கடைசியில் சேஃப்டி கார் (பாதையில் ஆபத்து என்றால் எல்லோரையும் தன் பின்னால் மெதுவாக ஓட வைக்கும் கார்) வராவிட்டால் நல்ல நித்திரை. அது உள்ளே போன பிறகு வெர்ஸ்டாப்பன் ரசலோடு இடித்துப் பத்து வினாடித் தண்டனை வாங்கி, பத்தாம் இடத்துக்குப் போனார். மேலே எழுதியதை இன்னொரு தரம் படி. அந்த இடிக்கு நான் புள்ளி போடவில்லை.

3 ஜூன்

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: 2021 அபுதாபி.

சரி, எழுதுகிறேன். ஹமில்டனும் வெர்ஸ்டாப்பனும் 369.5 புள்ளி, 369.5 புள்ளி என்று சமமாக வந்து நின்ற ஓட்டம். யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குத்தான் பட்டம். எங்கள் நேரம் பின்னேரம் ஆறரைக்குத் தொடங்கியது. பரந்தனில் நான் வேலை செய்யும் கராஜை அன்று வெள்ளெனப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஓட்டத்தின் பெரும்பகுதி ஹமில்டன் கையில்தான். அவர் இனித் தோற்க வழியில்லை என்றுதான் நான் இருந்தேன். 58 சுற்றில் ஐந்து மீதம் இருக்கும்போது லட்டிஃபியின் கார் சுவரில் மோதியது, சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய் வேகம் கூடிய மென்ரயர் போட்டார். ஹமில்டன் பழைய வன்ரயரோடு வெளியிலேயே நின்றார். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஐந்து கார்களை மட்டும் விலகிப்போக விட்டு, கடைசி ஒரு சுற்றுக்கு ஓட்டத்தைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்ளே நுழைந்தார். முடிந்தது.

விறுவிறுப்பா என்றால், நெஞ்சு வெடிக்கும் விறுவிறுப்பு. மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தெரியாமை எங்கிருந்து வந்தது? ஓட்டுநரின் கையில் இருந்தோ ரயரின் தேய்வில் இருந்தோ வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்து வந்தது. அந்த முடிவை எடுத்த ஓட்டப் பணிப்பாளர் மைக்கல் மாசி அடுத்த பெப்ரவரியில் அந்தப் பொறுப்பில் இருந்து எடுக்கப்பட்டார். வென்றவர் பிழையாக வென்றார் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் முன்னால் திறந்த கதவால் போனார். ஆனால் கடைசிச் சுற்றின் விறுவிறுப்பை அதற்கு முந்திய மணித்தியாலம் சம்பாதிக்கவில்லை. ஒரு ஓட்டத்தின் முடிவு அதன் நடுப்பகுதியில் இருந்து வளர்ந்து வர வேண்டும்.

2008 பிரேசில் அப்படி வளர்ந்தது. மாசா வீட்டுச் சனத்துக்கு முன்னால் ஓட்டத்தை வென்றுவிட்டார், பட்டம் தங்களுக்குத்தான் என்று அவருடைய ஆட்கள் துள்ளுகிறார்கள். பட்டத்துக்கு ஹமில்டனுக்கு ஐந்தாம் இடம் வேண்டும், அவர் ஆறாவது. மழை கூடக் கூட, ஈரரயருக்கு மாறாமல் உலர்ரயரிலேயே நின்ற க்ளொக் ஊரத் தொடங்கினார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் ஹமில்டன் அவரைத் தாண்டினார். ஒரு புள்ளியில் பட்டம். அங்கே தெரியாமையைக் கொண்டு வந்தது மழையும் ஒரு அணியின் துணிவும்.

9 ஜூன்

இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

2022 மின்வெட்டுக் காலம் உனக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போனால் ரிவியும் போகும், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் மெலிந்துவிடும். படம் ஓடாது, நின்று நின்று சுற்றும். அப்போது நான் சில ஓட்டங்களை இலக்கங்களில் மட்டும் பார்த்தேன். கைப்பேசியில் நேர அட்டவணை மட்டும் வரும்: ஆளின் பெயர், முன்னால் இருப்பவரோடு இடைவெளி. அவ்வளவுதான். காரும் இல்லை, சத்தமும் இல்லை, வர்ணனையும் இல்லை.

அப்படிப் பார்த்ததில் ஒன்று அந்த வருடம் மார்ச்சில் ஜெட்டாவில் நடந்த ஓட்டம். லெக்லேர் முன்னால், வெர்ஸ்டாப்பன் பின்னால். இடைவெளி குறைகிறது, ஒரு வினாடிக்குள் வருகிறது, இனித் தாண்டிவிடுவார் என்று பார்த்தால் திடீரென்று கூடுகிறது. மறுபடி குறைகிறது. மறுபடி கூடுகிறது. எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரி விளக்கை வைத்துவிட்டு “என்ன, ஆரும் ஆஸ்பத்திரியிலோ” என்று கேட்டார், முகம் அப்படி இருந்திருக்கிறது.

அடுத்த நாள் பதிவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பின்னால் வருபவர் குறித்த ஒரு கோட்டில் ஒரு வினாடிக்குள் இருந்தால் அவருடைய காரின் பின்சிறகைத் திறக்க அப்போது அனுமதி இருந்தது, நேர்ப்பாதையில் வேகம் கூடும். டி.ஆர்.எஸ். என்பது அதுதான், 2011இல் வந்தது. ஜெட்டாவில் அந்தக் கோடு கடைசி வளைவுக்குச் சற்று முன்னால். அந்தக் கோட்டை முதலில் தாண்டுபவருக்கு அது கிடையாது, இரண்டாவதாகத் தாண்டுபவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்து, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று நின்றார்கள். உலகத்தின் ஆக வேகமான கார்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று பின்னால் போகப் போட்டி போட்டன. கடைசிச் சுற்றுகளில் வெர்ஸ்டாப்பன் தாண்டி, அரை வினாடி அளவில் வென்றார்.

படத்தோடு பார்த்தபோது இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் படம் இல்லாமலே அது என்னைப் பிடித்து வைத்திருந்தது. அன்றில் இருந்துதான் நான் ரிவியிலும் இடப்பக்கத்து இலக்கங்களில் ஒரு கண் வைக்கிறேன். 4.2 என்று இருந்தது 3.6 ஆகி, 2.9 ஆகும்போது, படத்தில் கார்கள் தனித்தனியாகச் சும்மா ஓடுவதாகத்தான் தெரியும். பக்கத்தில் இருப்பவர் எழும்பித் தேத்தண்ணி போடப் போவார். ஓட்டம் உண்மையில் அங்கேதான் நடந்துகொண்டிருக்கும்.

உனக்கு எண்ண வேண்டும் என்றால் இப்படி எண்ணு. ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது “இவர்தான் வெல்வார்” என்று மனதில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் எத்தனை தரம் மாறுகிறது என்று எண்ணு. தாளில் எழுதி வை, இல்லாவிட்டால் முடிந்த பிறகு “எனக்கு முதலே தெரியும்” என்று மனம் சொல்லிவிடும்.

16 ஜூன், விடியப்புறம்

கனடா எங்கள் நேரம் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி இப்போதுதான் முடிந்தது. ரசல் வெற்றி. நொறிஸ் தன் அணியின் பியாஸ்ட்ரிக்குப் பின்னால் இடித்துத் தானே வெளியே போனார், சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்து முடிந்தது. நித்திரை போனதுதான் மிச்சம்.

16 ஜூன், இரவு

கண் எரிச்சல் போய்விட்டது. கனடா என்றதும் 2011 பற்றி எழுதாமல் விட முடியாது.

நாலு மணித்தியாலம், நாலு நிமிடம், 39 வினாடி. அதுவரை அவ்வளவு நீண்ட ஓட்டம் இந்தப் போட்டியில் இல்லை. மழையால் நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜென்சன் பட்டன் ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் கடைசியில் இருந்தார். தன் அணிக்காரரோடு மோதினார், தண்டனை வாங்கினார், சில்லு காற்றுப்போனது, திரும்பத் திரும்ப உள்ளே வந்து போனார். பாதை காயக் காய ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். கடைசிச் சுற்றில் முன்னால் இருந்த வெட்டலை நெருங்க, அவர் ஒரு வளைவில் ஈரத்தில் சற்று அகன்றுவிட்டார். பட்டன் போய்விட்டார். முழு ஓட்டத்திலும் அவர் முன்னால் இருந்தது அந்த அரைச் சுற்றுத்தான்.

இதை நான் முடிவு தெரிந்த பிறகுதான் பார்த்தேன். அப்படியிருந்தும் பிடித்தது. அப்போது “தெரியாமைதான் அளவு” என்று மே 27ஆம் திகதி எழுதியதோடு இதை எப்படிச் சேர்ப்பது? இரண்டு நாளாக இது தலைக்குள் நிற்கிறது. இப்போதைக்கு என் பதில்: யார் வெல்வார் என்பது தெரிந்தாலும், எப்படி என்பது தெரியாமல் இருக்கலாம். கடைசியில் இருப்பவர் எப்படி முதலாவது ஆவார் என்று ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுக்கொண்டுதான் பார்த்தேன். முடிவைச் சொன்னதும் செத்துவிடும் ஓட்டங்களும் உண்டு. அபுதாபியை நான் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை.

7 ஜூலை

ஹல்கன்பேர்க்! நேற்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் ஓட்டம் பார்க்காதவர்கள் பதிவைத் தேடிப் பாருங்கள்.

வென்றது நொறிஸ். ஆனால் அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நிக்கோ ஹல்கன்பேர்க், 239ஆவது ஓட்டத்தில் முதல் தடவையாக, முதல் மூன்று பேருக்கான மேடையில் ஏறினார். புறப்பட்டது 19ஆவது இடத்தில், சௌபர் காரில். நல்ல ஓட்டுநர், மேடை ஏறாத ஓட்டுநர் என்று பத்து வருடத்துக்கு மேலாக எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். மழையில் ரயரைச் சரியான நேரத்துக்கு மாற்றி மாற்றி மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார். பிறகு பின்னால் ஹமில்டன், ஃபெராரி காரில், சொந்த ஊர்ச் சனம் முழுக்க அவருக்காகக் கத்துகிறது. அப்போது இடைவெளியைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை, இலக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காரை மட்டும் பார்த்தேன்.

மூன்றாம் இடத்துக்கு இவ்வளவு துடிப்பா என்று இங்கே ஒருவர் கேட்கிறார். ஆம். ஆளைத் தெரிந்திருந்தால் துடிப்பு வரும். முதன்முதலாக ஓட்டம் பார்க்கும் ஒருவருக்கு நேற்றைய ஹல்கன்பேர்க் ஒரு பச்சைக் கார், அவ்வளவுதான். ஆகவே ஒரு ஓட்டத்துக்குப் போடும் புள்ளி எல்லோருக்கும் ஒன்றாக வராது. வரவும் தேவையில்லை. எவ்வளவு காலமாக அந்த ஆளோடு வந்திருக்கிறாய் என்பதும் ஓட்டத்தின் ஒரு பகுதி.

8 ஜூலை

ஆளைத் தெரிந்திருப்பது பற்றி எழுதியதும் நரேன் கார்த்திகேயன் ஞாபகம் வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், 2005இல் ஜோர்டன் அணியில் ஓடினார்.

அந்த வருடம் ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியனாபோலிஸ். மிஷலின் ரயர்கள் அங்கே சரிந்து உயரும் கடைசி வளைவைத் தாங்கவில்லை. பாதுகாப்பில்லை என்று அந்த ரயர் போட்ட 14 கார்களும் முன்னோட்டச் சுற்று ஓடிவிட்டு நேரே உள்ளே போய்விட்டன. பிரிஜ்ஸ்டன் போட்ட ஆறு கார்கள் மட்டும் வெறிச்சென்ற வரிசையில் நின்று ஓடின. காசு கொடுத்து வந்த சனம் கூச்சல் போட்டது. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டன், இரண்டு மினார்டி. எந்த அளவை வைத்துப் பார்த்தாலும் இந்தப் போட்டியின் வரலாற்றில் ஆக வெறுமையான ஓட்டங்களில் ஒன்று.

அதில் நரேன் நாலாவது. ஐந்து புள்ளி. ஒரு இந்தியர் எடுத்த முதற்புள்ளி, எடுத்தது தமிழ்நாட்டுக்காரர். எங்கள் பக்கம் அப்போது கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் வைத்திருந்த வீடுகளில்தான் ரிவி. நான் இந்த ஓட்டத்தைப் பல வருடம் கழித்து யூடியூப்பில்தான் பார்த்தேன். அவர் கார் வரும் காட்சிகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன். சின்ன அணியின் பலமில்லாத கார், ஆனால் ஒரு பிசகு இல்லாமல் ஓட்டி முடித்தார். சில்லு நின்றுவிடுமோ, என்ஜின் போய்விடுமோ என்று 2005இல் முடிந்துபோன விசயத்துக்கு நான் இருந்து பயந்தேன். ஓட்டமாகப் பார்த்தால் பூச்சியம். என் வாழ்க்கையில் பார்த்தவற்றில் விட மாட்டேன் என்று வைத்திருப்பதில் அதுவும் ஒன்று.

19 ஜூலை

நேரே போய்ப் பார்ப்பது பற்றிக் கேட்டவருக்கு. எங்களுக்குக் கிட்டிய பெரிய ஓட்டம் அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ். வவுனியாவில் இருந்து பஸ் எடுத்தால் எட்டிவிடும் தூரம். மண்பாதை, காரும் மோட்டார் சைக்கிளும்.

அங்கே உனக்கு முழு ஓட்டமும் தெரியாது. ஒரு வளைவுதான் தெரியும். யார் முன்னால், எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் போகும், சத்தத்தில் பாதி கேட்காது. ஆனால் ரிவியில் கிடைக்காத ஒன்று உண்டு: வளைவுக்குள் வரும்போது ஒவ்வொருவரும் எப்போது அக்சிலேட்டரை விடுகிறார் என்று காதால் தெரியும். ஒருவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் விட்டார். பின்னால் வந்தவர் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி விட்டார். கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், இவர் அவரைப் பிடிக்கப்போகிறார் என்று. நாள் முழுக்க என்ஜின் சத்தத்தோடு இருக்கும் எனக்கு அது பெரிய விருந்து. மூக்கு, பல், சட்டைப்பை எல்லாம் செம்மண்.

போகிறவர்கள் தடுப்புக்குப் பின்னால், உயரமான இடத்தில் நில்லுங்கள். வளைவின் வெளிப்பக்கம் வேண்டாம். தியத்தலாவைக்குப் பிறகு இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

28 ஜூலை

பெல்ஜியத்தின் ஸ்பா. மழைக்காக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித் தொடங்கினார்கள். உண்மையான முதற்சுற்றிலேயே பியாஸ்ட்ரி நொறிஸைத் தாண்டிவிட்டார், பிறகு காய்ந்த பாதையில் ஊர்வலம். ஆனால் 2021இல் இதே ஸ்பாவில் சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்ந்துவிட்டு அரைப்புள்ளி கொடுத்து அனுப்பினார்களே, நாள் முழுக்க மழையில் நனைந்த சனத்தை. அதற்கு இது எவ்வளவோ மேல்.

4 ஓகஸ்ட்

நேற்று ஹங்கேரி. தாளோடு இருந்தேன்.

முதற்பெயர் லெக்லேர், முன்வரிசையில் முதலாவது அவர். பிறகு பியாஸ்ட்ரி என்று எழுதினேன். நொறிஸின் பெயர் என் தாளில் இல்லவே இல்லை. மூன்றாவதில் நின்று, புறப்பட்டதும் ஐந்தாவதுக்குச் சறுக்கிவிட்டார். அப்படி விழுந்ததால்தான் அவருடைய அணி வேறு வழி பார்த்தது: முன்னால் போனவர்கள் இரண்டு தரம் ரயர் மாற்ற, இவர் ஒரே தரம். 31ஆவது சுற்றில் மாற்றி, மீதி 39 சுற்றும் அதே ரயரில் ஓடவேண்டும். பியாஸ்ட்ரி 45ஆவது சுற்றில் புது ரயர் போட்டுக்கொண்டு துரத்தத் தொடங்கினார்.

அங்கே இருந்து இலக்கம்தான் ஓட்டம். பெரிய இடைவெளி, சுற்றுக்குச் சுற்று தேய்கிறது. நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன், பிடிப்பார் என்று வந்தது. பிறகு நொறிஸ் ஒரு நல்ல சுற்று ஓடுவார், பிடிக்க மாட்டார் என்று வரும். தாளில் பெயர் வெட்டி வெட்டி எழுதிக் கிழிந்துவிட்டது. பிடித்தும் விட்டார். ஆனால் அங்கே முந்துவது கஷ்டம். முன்னால் போகும் கார் குழப்பிவிட்ட காற்றில் பின்னால் வருபவருக்கு வளைவில் பிடிமானம் போய்விடும். சில்லு சறுக்கும், சறுக்கினால் ரயரின் மேற்தோல் சூடேறும், சூடேறினால் இன்னும் சறுக்கும். புது ரயரின் லாபத்தைக் கிட்டப்போவதே தின்றுவிடும். கடைசிக்கு முந்திய சுற்றில் முதலாவது வளைவுக்கு பியாஸ்ட்ரி மிகப் பிந்திப் பிரேக் பிடித்தார். முன்சில்லு பூட்டிப் புகை கிளம்பியது. நொறிஸின் பின்சில்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்குமோ என்னவோ. இடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே அணி, அந்த அணியின் 200ஆவது வெற்றி, பட்டத்துக்குப் போட்டியும் இவர்களுக்குள்தான். 0.698 வினாடியில் நொறிஸ்.

முதல் இடத்துக்கான அந்தச் சண்டையில் பாதையில் நடந்த முந்தல் பூச்சியம். நான் இந்த வருடம் பார்த்ததில் இதற்குத்தான் ஆகக் கூடிய புள்ளி.

4 ஓகஸ்ட், இரவு

பியாஸ்ட்ரி அந்த இடத்தில் போனது அவசரம், அடுத்த சுற்றுக்குப் பொறுத்திருக்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தம்பி. அந்தப் பாதையில் நேரே பிரேக் பிடித்துத் தாண்டக்கூடிய இடம் முதலாவது வளைவுதான். சறுக்கிய பிறகு கடைசிச் சுற்றிலும் அவருக்கு அதே இடம் கிடைத்தது, ஆனால் போதிய கிட்டத்தில் இல்லை. முதல் தடவை கிட்டத்தில் இருந்தார், ஆகவே போனார். போய்ப் பார்த்தும் இடிக்காமல் நிறுத்தினாரே, பதிவில் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார். சில்லு பூட்டியதும் ஸ்டியரிங்கை அவர் உள்ளுக்குத் திருப்புகிறார், நொறிஸின் பக்கம் போகாமல். அதைப் பார்த்துவிட்டு எழுது, அவசரமா என்று.